போலீஸ் எடுத்துப் போன செயினும் லேப்டாப்பும்: கேஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: பெங்களூர் ஆஸ்டின் டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வேலை வாங்கித் தருவதாகச் சிலரிடம் பணம் வாங்கியதாக என் கொழுந்தனார் மேல் மோசடி வழக்கு. போலீஸார் வந்து வீட்டைச் சோதனை போட்டு, என்னுடைய மூன்று பவுன் செயின், பி.காம். படிக்கும் மகளின் லேப்டாப், என் போன், சீட்டுக் கட்ட வைத்திருந்த 18,000 ரூபாய் எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். கன்னடத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. நான்கு மாதம் ஆகிறது. ஸ்டேஷனுக்குப் போனால் 'கேஸ் முடியட்டும்மா' என்கிறார்கள். வீட்டில் சமைத்து ஆர்டர் கொடுத்துத்தான் பிழைப்பு. வாடிக்கையாளர் நம்பரெல்லாம் அந்தப் போனில். என் மேல் வழக்கு எதுவும் இல்லை. பொருள் திரும்பக் கிடைக்குமா? போனில் இருப்பதை இங்கிருந்தே அழித்துவிடலாமா என்று மகள் கேட்கிறாள்.

பதில்: மகள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அழிக்கவே கூடாது. கூகுள் கணக்கு வழியாக எங்கிருந்தும் போனைத் துடைத்துவிட முடியும் என்பது உண்மைதான். ஆனால் அது இப்போது வழக்கில் கைப்பற்றப்பட்ட பொருள். கோர்ட்டுக்குச் சான்றாகப் போகவேண்டிய மின்னணுப் பதிவைப் போகவிடாமல் அழிப்பது குற்றங்களுக்கான புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக் குற்றம். இன்று உங்கள் மேல் ஒன்றும் இல்லை. அந்த ஒரு பட்டனை அழுத்தினால் நாளை நீங்களும் குற்றவாளிப் பட்டியலில் வரலாம். வங்கிக் கணக்கு, யு.பி.ஐ. பாஸ்வேர்டுகளை மட்டும் மாற்றுங்கள். அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். வாடிக்கையாளர் நம்பர்கள் கூகுள் கணக்கில் சேமிப்பாகியிருந்தால், வேறு போனில் உங்கள் கணக்கைத் திறந்ததும் வந்துவிடும். பிழைப்பு நிற்காமல் இருக்க அது போதும்.

சரி, பொருளுக்கு வருவோம். நான்கு மாதமாக நீங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்பதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. ஏனென்றால், அங்கே நின்று பயனில்லை. போலீஸ் கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதன் பிறகு திருப்பித் தரச் சொல்லும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுடையது. இன்ஸ்பெக்டர் நல்லவராக இருந்து மனம் இரங்கினாலும், கோர்ட் ஆர்டர் இல்லாமல் செயினை உங்கள் கையில் கொடுக்க அவருக்கும் தயக்கம் இருக்கும். 'செலவுக்கு ஏதாவது கொடுங்கள், பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தால் கோர்ட் ஆர்டர் வராது.

கேஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம் இல்லை. 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பொருட்களை 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைத்திருக்கத் தேவையில்லை, நகை, ரொக்கம் போன்றவற்றைப் படம் எடுத்து, விவரம் எழுதி, பிணைப்பத்திரம் (கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவதாக எழுதித் தரும் உறுதி) வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-வது பிரிவு நாள் கணக்கே போட்டிருக்கிறது. பொருள் கோர்ட் முன்னால் வந்த 14 நாளுக்குள் விவரப் பட்டியல்; படம் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் வீடியோவும்; பட்டியலும் படமும் தயாரான 30 நாளுக்குள் பொருளை என்ன செய்வது என்று உத்தரவு. விசாரணையில் பொருளுக்குப் பதில் அந்தப் படமே சான்றாகும். பொருள் கோர்ட்டுக்கு வராமல் ஸ்டேஷனிலேயே இருந்தால் 503-வது பிரிவு. வக்கீல்கள் இரண்டையும் சேர்த்தே மனு போடுவோம். பழைய ஆட்கள் இன்னமும் 451, 457 என்பார்கள். அவை பழைய சட்டத்தின் எண்கள், விஷயம் ஒன்றுதான்.

மனு போடுவதற்கு முன் ஒரு தாளைக் கையில் எடுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டது மகஜர், அதாவது என்னென்ன கைப்பற்றினார்கள் என்று எழுதிய தாள். அதன் நகல் உங்களுக்குத் தரப்பட வேண்டும். தராவிட்டால் கோர்ட்டில் நகல் மனு போடலாம். கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நகையை மகஜரில் பெரும்பாலும் தங்கம் என்று எழுதமாட்டார்கள். 'மஞ்சள் நிற உலோகச் செயின் 1' என்றுதான் இருக்கும். அது தங்கம்தான் என்று போலீஸ் சான்று கொடுக்க முடியாது என்பதால் அப்படி எழுதுவது வழக்கம், பயப்பட வேண்டாம். ஆனால் எடை எழுதியிருக்கிறதா? போனுக்கு ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) இருக்கிறதா, அல்லது 'கறுப்பு நிற மொபைல்' என்று மட்டும்தானா? ரொக்கம் 18,000 என்றே இருக்கிறதா? ஒரு ரூபாய் குறைந்திருந்தாலும் மனுவிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொன்னால் எடுபடாது. சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம். தாளில் தகராறு இருந்தால் அந்த வீடியோவைக் கோர்ட் பார்க்கட்டும் என்று கேளுங்கள்.

மகஜரோடு பி.எஃப். நம்பர் ஒன்று வேண்டும். கர்நாடகத்தில் கைப்பற்றிய பொருளுக்கு ஸ்டேஷன் போடும் பட்டியல் எண் அது. எஃப்.ஐ.ஆர். நகலை மாநில போலீஸ் இணையதளத்திலேயே எடுக்கலாம். எந்த கோர்ட் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

அடுத்தது, பொருள் உங்களுடையது என்று காட்டுவது. போன் வாங்கிய டப்பாவை நம் வீடுகளில் யாரும் தூக்கிப் போடுவதில்லை, பீரோ மேல் தேடுங்கள். அதன் பக்கவாட்டில் ஐ.எம்.இ.ஐ. இருக்கும். லேப்டாப்புக்கு பில், மகளின் கல்லூரி அடையாள அட்டை. அது கல்லூரியோ நிறுவனமோ கொடுத்த இயந்திரம் என்றால் அவர்களின் கடிதமும் சேர வேண்டும். செயினுக்கு பில் இல்லை என்று கவலைப்படாதீர்கள். என்றைக்காவது அடகு வைத்திருப்பீர்களே? வங்கி கொடுத்த நகைக்கடன் சீட்டில் எடை, நகை விவரம் எல்லாம் இருக்கும். பழைய பில்லைவிட நல்ல சான்று. கல்யாண ஆல்பத்தில் கழுத்து தெரியும் படம் ஒன்று. கொக்கிப் பக்கத்தில் அறுந்து பற்றவைத்த அடையாளம் மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள். சீட்டுப் பணத்துக்குச் சீட்டுப் புத்தகம், நடத்துகிறவரின் கடிதம்.

மனு போட்டதும் அரசு வக்கீல் ஆட்சேபணை போடுவார். அது வழக்கம்தான். லேப்டாப்பும் போனும் மடிவாளாவில் உள்ள தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயிருந்தால், 'ரிப்போர்ட் வரவில்லை' என்பார்கள். அதற்குத் தகவலை நகல் எடுத்துக்கொண்டு கருவியைக் கொடுங்கள், அல்லது அதற்கு ஒரு தேதி வையுங்கள் என்று மாற்றாகக் கேட்க வேண்டும். மகளின் தேர்வு அட்டவணையை மனுவோடு வைத்தால் அவசரம் புரியும். செயினையும் பணத்தையும் அந்த ரிப்போர்ட்டுக்காக நிறுத்தி வைக்கக் காரணமில்லை. தனியாக வாதாடச் சொல்லுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் உங்கள் வழக்கு சிக்கலாகலாம், மறைக்காமல் சொல்கிறேன். செயினோ பணமோ ஏமாந்தவர்களின் பணத்தில் வந்தது என்று போலீஸ் சொன்னால், அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107-வது பிரிவில் அவற்றை முடக்கக் கோர்ட்டைக் கேட்கலாம். அப்போது காரணம் காட்ட 14 நாள் கொடுத்து நோட்டீஸ் வரும். வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். கொழுந்தனார் பணம் வாங்கியதாகச் சொல்லும் காலத்துக்கு முந்தைய தேதி உங்கள் நகைக்கடன் சீட்டில் இருந்தால், அந்த ஒரு தாளே பெரிய பலம். அதனால்தான் அதைத் தேடச் சொல்கிறேன். மனு தள்ளுபடியானாலும் முடிந்துவிடவில்லை. செஷன்ஸ் கோர்ட், உயர் நீதிமன்றம் என்று மேலே போக வழி உண்டு.

வக்கீல் செலவுக்கு யோசிக்காதீர்கள். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கூப்பிடுங்கள்.

ஆர்டர் வந்ததும் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். கோர்ட் கேட்டால் ஜாமீன்தாரரும் வேண்டும். ஸ்டேஷனில் வாங்கும் நாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், மகளையும் கூட்டிப் போங்கள். சீலை உங்கள் முன்னால் உடைக்கட்டும். ஐ.எம்.இ.ஐ. எண்ணை டப்பாவோடு ஒப்பிடுங்கள், திரை உடைந்திருந்தால் ரசீதிலேயே எழுதுங்கள். அப்புறம், வழக்கு முடியும்வரை அந்தச் செயினை விற்கவோ, அட்சய திருதியைக்குப் புது டிசைனில் மாற்றவோ கூடாது. கோர்ட் கேட்கும் நாளில் அதே செயினைக் கொண்டுபோய்க் காட்டுவதாகத்தான் நீங்கள் எழுதிக் கொடுத்திருப்பீர்கள்.