கோளும் புகாரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆறு வயது. பள்ளி வேனில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு மாதமாக அவளுடைய ஸ்நாக்ஸ் டப்பாவைப் பிடுங்கிக்கொள்கிறான். முடியைப் பிடித்து இழுக்கிறான். ‘குண்டூஸ்’ என்று கூப்பிடுகிறான். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்கிறார்களாம். “திருப்பி ஒண்ணு வை, அடங்கிடுவான்” என்று என் கணவர் சொல்லிக்கொடுக்கிறார். எனக்கு அதில் சம்மதமில்லை. கராத்தே வகுப்பில் சேர்க்கலாமா, வேனையே மாற்றிவிடலாமா என்று குழப்பமாக இருக்கிறது. கொஞ்ச நாள் முன்பு அவள் எதற்கெடுத்தாலும் கோள் சொல்ல ஆரம்பித்திருந்தாள். மிஸ்ஸும் டைரியில் எழுதி அனுப்பினார். நாங்கள் கண்டித்த பிறகு அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. வேனில் நடப்பதைக்கூட அவளாகச் சொல்லவில்லை. அதே வேனில் போகும் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. குழந்தைக்குத் தைரியம் வர என்ன செய்வது?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கராத்தேயில் சேர்க்கலாம், உடம்புக்கு நல்லது. இந்தப் பிரச்சினைக்கு மருந்தாகச் சேர்க்க வேண்டாம். மாஸ்டர் எண்ணச் சொல்லி எண்ணி, வெறும் காற்றில் குத்திப் பழகிய ஆறு வயதுக் குழந்தையால், ஆடிக்கொண்டே போகும் வேனில், தன்னைவிட ஒரு தலை உயரமான பையனிடம் அதைக் காட்ட முடியாது. திருப்பி அடிப்பது இன்னும் மோசம். அந்த வயதில் இரண்டு வருட வித்தியாசம் பெரிய வித்தியாசம். கொடுத்த அடி இரண்டாகத் திரும்பி வரும். முதல் அடி சத்தமில்லாமல் விழுகிறது. இரண்டாவது அடிக்குத்தான் கூச்சல் எழும், பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பதும் அப்போதுதான். மாட்டிக்கொள்வது உங்கள் மகள். இதை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். வேன் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான் நின்றுவிட்டது வேறொரு வரியில். “நாங்கள் கண்டித்த பிறகு அந்தப் பழக்கம் நின்றுவிட்டது.” ஒரு நல்ல செய்தியைப் போல எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே அவளாக எதையும் சொல்வதில்லை என்கிறீர்கள். இரண்டும் ஒரே செய்தி என்று உங்களுக்கு ஏன் படவில்லை? குழந்தையிடம் இருந்த ஒரே தைரியம் அதுதான். வாய் திறந்து ஒரு பெரியவரிடம் வந்து சொன்னாள். அதை நீங்களும் மிஸ்ஸும் சேர்ந்து அணைத்துவிட்டு, இப்போது தைரியத்துக்கு வழி கேட்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதை நீங்கள் மட்டும் செய்யவில்லை, வீட்டுக்கு வீடு நடக்கிறது. “கோள் சொல்லாதே”, “போட்டுக் கொடுக்காதே”, “எப்பப் பாரு கம்ப்ளெயின்ட்டு” என்று நாம் அலுத்துக்கொள்ளாத நாளே இல்லை. அதனால்தான் இதை விரித்து எழுதுகிறேன்.

கோள் என்றால் என்ன? ஒருவர் இல்லாத இடத்தில், அவருக்குக் கெடுதல் வரட்டும் என்று, இல்லாததைச் சேர்த்தோ இருப்பதைத் திரித்தோ இன்னொருவர் காதில் போடுவது. வள்ளுவர் புறங்கூறாமை என்று ஓர் அதிகாரமே வைத்து இதைக் கண்டித்தார். முன்னால் சிரித்துவிட்டுப் பின்னால் பழிக்கும் பெரியவர்களுக்கான கண்டிப்பு அது. “அவன் என் டப்பாவைப் புடுங்கிட்டான்” என்று வரும் குழந்தை யார் முதுகுக்குப் பின்னாலும் பேசவில்லை. தனக்கு நடந்ததைச் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை நாம் வைத்திருப்பதால், குழந்தையும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது: நடந்ததைச் சொல்வது கெட்ட பழக்கம்.

ஐந்திலிருந்து ஏழு வயது வரை பிள்ளைகள் ஓயாமல் புகார் சொல்வார்கள். “மிஸ், இவன் லைன்ல நிக்கல.” “மிஸ், இவ என்னையே பாக்கறா.” காரணம் எளிது. விதிகள் அவர்களுக்குப் புதிது. இந்த விதி உண்மையிலேயே செல்லுமா, எல்லோருக்கும் செல்லுமா என்று பெரியவரிடம் உறுதி கேட்கிறார்கள். பெரியது சிறியது பிரிக்கும் அளவுகோல் இன்னும் கைக்கு வரவில்லை. பென்சிலைத் தொட்டதும் முடியை இழுத்ததும் அதே குரலில், அதே அவசரத்தோடு வெளிவரும். பிரித்துப் பார்ப்பது கேட்பவர் வேலை. அந்த வேலை அலுப்பாக இருக்கிறது என்பதற்காகக் கதவையே சாத்தினால், பென்சிலோடு சேர்ந்து முடியும் வெளியே நின்றுவிடுகிறது.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மிஸ்ஸின் அலுப்பு எனக்குப் புரிகிறது. அதற்கும் வழி உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நிமிடத்தைப் புகாருக்கென்றே ஒதுக்கலாம். சின்ன விஷயங்கள் அதுவரை காத்திருக்கும், பாதி மறந்தே போகும். காத்திருக்கக் கூடாதவை எவை என்பதை மூன்று விரல் காட்டிச் சொல்லிக்கொடுக்கலாம்: வலிக்குது, பயமா இருக்கு, திரும்பத் திரும்ப நடக்குது. மூன்றில் ஒன்று இருந்தால், பெரியவர் போனில் இருந்தாலும் அடுப்படியில் இருந்தாலும் இடையில் புகுந்து சொல்லலாம். வீட்டில் நீங்களும் இதே மூன்று விரலை வையுங்கள். ஆறு வயது இதை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும்.

அந்த மூன்றாவது விரல் முக்கியம். பள்ளியில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சீண்டி மிரட்டுவதைத் தடுக்க, 1983-இல் நார்வே நாடு தழுவிய இயக்கம் நடத்தியது. அதன் பின்னால் இருந்த ஆய்வாளர் டான் ஓல்வேயஸ் இத்தகைய சீண்டலுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, மறுபடி மறுபடி செய்வது, இருவருக்கும் பலம் சமமாக இல்லாமல் இருப்பது. மூன்றும் சேர்ந்தால் அது சண்டை என்ற கணக்கில் வராது. “ரெண்டு பேரும் கை குடுங்க, இனிமே ஃப்ரெண்ட்ஸ்” என்று ஆசிரியர்கள் முடித்துவைக்கும் பஞ்சாயத்து இங்கே தோற்பது இதனால்தான். சமமானவர்களுக்கு நடுவில் சமரசம் நிற்கும். இங்கே அந்தப் பையன் ஒன்றுமில்லாமல் தப்புகிறான், உங்கள் பெண் தன்னை மிரட்டியவனின் கையைச் சிரித்துக்கொண்டே பிடிக்க வேண்டியிருக்கிறது. அன்று மாலை வேனில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சரி, மூடிய வாயைத் திறப்பது எப்படி? கேட்கும் முறையை மாற்ற வேண்டும். அவள் சொல்ல வரும்போது கை வேலையை விட்டுவிட்டு அவள் உயரத்துக்கு உட்காருங்கள். முதல் வாக்கியம், “சொன்னது நல்லதாப் போச்சு.” “நீ என்ன பண்ணின?”, “நீ ஏன் சும்மா இருந்த?” என்ற இரண்டும் வேண்டவே வேண்டாம், இரண்டிலும் அவளுக்குக் கேட்பது ‘உன் மேல்தான் தப்பு’ என்பது மட்டும். ஏன் என்ற கேள்விக்கு அந்த வயதில் பதில் இருக்காது. எத்தனை தடவை என்றால் வாயில் வந்த எண்ணைச் சொல்வாள், நீங்களும் பொய் என்று நினைத்துவிடுவீர்கள். இடத்தைப் பிடித்துக் கேளுங்கள்: “எந்த சீட்டுல உக்காந்திருந்த? பக்கத்துல யாரு? அப்புறம்?” நாளை நினைவூட்ட அன்று நடந்த வேறு எதையாவது தொடுங்கள்: “கலர் டிரஸ் போட்டுட்டுப் போனியே, அன்னிக்கும் இழுத்தானா?” பெயரை நீங்களாக எடுத்துக்கொடுக்காதீர்கள்.

கோபம் வரும். அவள் முன்னால் காட்டாதீர்கள். அம்மா பதறுவதைப் பார்த்த குழந்தை, அடுத்த முறை அம்மாவைக் காப்பாற்றுவதற்காகவே வாயை மூடிக்கொள்ளும். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. “நாளைக்கு நான் மிஸ்கிட்ட பேசப் போறேன். பேசிட்டு வந்து என்ன ஆச்சுன்னு உனக்குச் சொல்றேன்” என்று அடுத்து நடக்கப்போவதைச் சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். அன்றிரவே ஒரு நோட்டில் தேதி, காலை வேனா மாலை வேனா, எந்த சீட், அவள் சொன்ன அதே சொற்கள், பார்த்தவர் யார் என்று எழுதிவையுங்கள். ஒரு வாரத்தில் நாலைந்து பதிவு சேர்ந்துவிட்டால் “பசங்க விளையாட்டும்மா” என்று யாரும் உங்களை அனுப்பிவைக்க முடியாது.

பள்ளியில் எழுத்தில் கொடுங்கள், வகுப்பாசிரியருக்கு ஒன்று, எச்.எம்.முக்கு ஒரு நகல். கேட்க வேண்டியவை இரண்டே. இடம் மாற வேண்டியது அந்தப் பையன். அவன் முன்னால், பெரியவர் கண்ணில் படும்படி உட்கார வேண்டும். உங்கள் மகளை இடம் மாற்றினாலோ வேனை மாற்றினாலோ, புகார் சொன்னதற்குத் தனக்குத்தான் தண்டனை என்று அவள் புரிந்துகொள்வாள். அதனால்தான் வேன் மாற்றம் கடைசி வழி என்கிறேன். இரண்டாவது, மறுபடி வந்து பேச ஒரு தேதி. பத்து நாளுக்குள் இருக்கட்டும். பள்ளி வாகனத்தில் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விதிகள் சொல்கின்றன. அந்த ஆயா எங்கே உட்கார்கிறார், டிரைவருக்குப் பக்கத்திலா பிள்ளைகளுக்கு நடுவிலா என்று கேளுங்கள். பள்ளி கண்டுகொள்ளாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது, குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது. கேட்டில் நின்று அந்தப் பையனை நீங்களே மிரட்டுவது மட்டும் கூடாது. அவனும் எட்டு வயதுக் குழந்தை. அவனுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பது இன்னொரு கடிதத்துக்கான விஷயம்.

சொல்லச் சொன்னால் போதாது, சொன்ன பிறகு காக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன் அவர்களைப் பற்றிப் பள்ளியில் புகார் சொல்லப்பட்டிருந்தது. சொன்னவனைச் சுற்றி ஒருவரும் நிற்கவில்லை. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு வரை பேசியது. அவர்கள் பெரிய பிள்ளைகள், அங்கே சாதி இருக்கிறது, உங்கள் மகள் விஷயம் வேறு என்பீர்கள். வேறுதான். ஆனால் புகார் எந்தக் கைகளில் போய்ச் சேர்கிறது, யார் பெயரோடு வெளியே வருகிறது என்ற கேள்வி ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. “உன்னைப் பத்தி இவ சொல்றாளே” என்று அந்தப் பையன் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள் என்று மிஸ்ஸிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆயா கண்ணால் பார்த்ததாக விசாரணை தொடங்கட்டும், பார்க்கும்படி ஆயாவை முதலில் அங்கே உட்கார வையுங்கள்.

இதெல்லாம் நடக்கும்போதே அவளுக்கு உடம்பாலும் குரலாலும் ஒன்று பழக்கலாம். ஒரே வாக்கியம் போதும், மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம்: “விடு. எனக்குப் பிடிக்கலை.” ‘ப்ளீஸ்’ சேர்க்கக் கூடாது. கேள்வி போல முடியக் கூடாது. கால் இரண்டையும் கொஞ்சம் அகற்றி ஊன்றி, அவன் கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் நெற்றியைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து. கீச்சுக்குரலில் கத்தினால் அவனுக்கு அது விளையாட்டு. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது சிரிப்பு. பயந்த குழந்தைகள் பலர் சிரிப்பார்கள், தங்களை அறியாமல். தூரத்தில் இருக்கும் ஆயா அந்தச் சிரிப்பைப் பார்த்து இரண்டு பேரும் விளையாடுகிறார்கள் என்று திரும்பிக்கொள்வார். கண்ணாடி முன் சிரிக்காமல் சொல்லிப் பழக்குங்கள். சொன்ன பிறகு அங்கே நிற்கக் கூடாது. ‘தள்ளிப் போ’ என்று மட்டும் சொன்னால் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிடும் குழந்தை. ‘ஆயாம்மா பக்கத்துல போ’ என்று போகிற இடத்தைச் சொல்ல வேண்டும்.

தினம் ஐந்து நிமிடம், சாயங்காலம். தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம், பயம் கனவில் வரும். முதல் இரண்டு நாள் பொம்மைகள் பேசட்டும். பிறகு நாற்காலிகளை வேன் போல வரிசையாகப் போட்டு, அவள் டப்பா பிடுங்குபவளாகவும் நீங்கள் ஒன்றாம் வகுப்பாகவும். அதன் பிறகே மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பையன் பெயரைச் சொல்லி நடிக்காதீர்கள், முடியை நிஜமாக இழுத்துக் காட்டாதீர்கள். ஒரு வாரத்தில் குரல் மாறுவது தெரியும். வேனில் முதல் நாளே பலிக்காது. அவன் இன்னும் வேகமாகச் சீண்டிப் பார்க்கவும் கூடும். அதை அவளுக்கு முன்னமே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் தான் தப்பாகச் செய்ததாக நினைத்துக்கொள்வாள்.

கூடச் சிரித்த பிள்ளைகளை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். கனடாவில் பள்ளி மைதானங்களைக் கேமராவில் பதிவுசெய்து ஆராய்ந்தவர்கள் 2001-இல் எழுதினார்கள்: பெரும்பாலான சீண்டல்களின்போது மற்றப் பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள், குறுக்கே வந்தவர்கள் குறைவு. வந்தபோதோ, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் உங்களிடம் வந்து சொன்னாளே, அவளை இன்றே கூப்பிட்டு நன்றி சொல்லுங்கள். பையனோடு அவள் மோத வேண்டாம், அவனைப் பார்க்கக்கூட வேண்டாம். உங்கள் மகளின் கையைப் பிடித்து “வா, இங்க வந்து உக்காரு” என்றால் போதும். சிரிப்பு பாதியில் அறுந்துவிடும்.

இன்னொன்று. ‘குண்டூஸ்’ என்று வீட்டில் யாராவது செல்லமாகக் கூப்பிடுகிறீர்களா? கூப்பிட்டால் இன்றோடு நிறுத்துங்கள்.

முதலில் செய்ய வேண்டியது இது. பட்டாணி உரிக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, முகத்துக்கு நேரே பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: “அன்னிக்கு நீ சொன்னதைக் கோள்னு சொல்லிட்டேன். அது கோள் இல்லை, அம்மா தப்பாச் சொல்லிட்டேன். இனிமே எதுன்னாலும் சொல்லு, கேக்கறேன்.” அவள் உடனே எதுவும் சொல்ல மாட்டாள். துருவாதீர்கள். இரண்டு மூன்று நாளில் “அம்மா, அவ என் பென்சிலைப் பாக்கறாம்மா” என்று எதையாவது ஒன்றுமில்லாததைக் கொண்டுவருவாள். உட்கார்ந்து, முழுதாகக் கேளுங்கள்.