நீர்ப்பூச்சிகளை வைத்து ஓடையை எடைபோடுவது: கேள்வி பதில்

ஓடை, நீர்ப்பூச்சி பற்றிக் கேளுங்கள் என்று பெங்களூர்த் தமிழ் நண்பர்களிடம் சொன்னேன். அல்சூரிலிருந்து ஆனேக்கல் வரை கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். படம் அனுப்பி "இது என்ன பூச்சி" என்று கேட்டவர்களுக்குத் தனியாகப் பதில் வரும். பாதிப் படங்களில் பிடித்திருக்கும் விரல்தான் தெளிவாகத் தெரிகிறது.

இந்திராநகர் வாசகர்: சார், லேபில் கொடுத்தால் பிஎச், ஆக்சிஜன், பிஓடி (கழிவைச் சிதைக்கச் செலவாகும் ஆக்சிஜன் அளவு) எல்லாம் வந்துவிடுமே. பூச்சியைப் போய் ஏன் எண்ண வேண்டும்?

பாட்டிலில் பிடித்த நேரத்துத் தண்ணீரைப் பற்றித்தான் லேப் சொல்லும். இரவு இரண்டு மணிக்கு ஒரு டேங்கர் லாரி ஓடையில் கழிவைக் கொட்டிவிட்டுப் போகிறது என்று வையுங்கள். நீங்கள் பதினொரு மணிக்குப் பாட்டிலோடு போகும்போது அந்தத் தண்ணீர் பல மைல் கீழே போயிருக்கும். கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், மேஃப்ளை என்ற பறக்கும் பூச்சியின் இளம்பூச்சியால் அப்படி விலகிப் போக முடியாது. அது வாரக்கணக்கில், சில இனங்களில் மாதக்கணக்கில், தண்ணீருக்குள்ளேயே வளர்கிறது. அந்த இரவு அதைக் கொன்றிருந்தால், கல்லைப் புரட்டும்போது அது இருக்காது.

ஆக்சிஜனும் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. பாசி பகலில் ஆக்சிஜனை விடும். இருட்டியதும் அதுவும் சேர்ந்து இழுக்கும். ஓடைக்கு மோசமான நேரம் விடியற்காலை. அந்த நேரத்தில் மாதிரி எடுக்க யார் போகிறார்கள்?

அதற்காக லேபை விட்டுவிட வேண்டாம். ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் பூச்சி சொல்லும். சாயமா, அமிலமா, பூச்சிக்கொல்லியா என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

பானஸ்வாடி வாசகி: நல்ல தண்ணீருக்கு அடையாளமான பூச்சிகள் எவை? எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று கூட்டங்களைத் தேடுங்கள். மேஃப்ளை இளம்பூச்சிக்குப் பெரும்பாலும் மூன்று வால்; வயிற்றின் இரண்டு பக்கமும் இலைபோன்ற செவுள்கள் படபடக்கும். ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டே வால், ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம். கேடிஸ்ஃப்ளை பார்க்கப் புழு மாதிரி இருக்கும். அதில் சில இனங்கள் மணல், குச்சி, இலைத்துண்டை ஒட்டிக் கூடு கட்டி அதைத் தூக்கிக்கொண்டே நடக்கும். வேறு சில கற்களுக்கு நடுவே வலை விரித்து, நீரோட்டம் கொண்டுவருவதைத் தின்னும்.

இவற்றில் பல செவுளாலோ தோலாலோ தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுப்பவை. சாக்கடை கலந்தால் அதைச் சிதைக்கும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுவிடும், சேறு செவுளை மூடும். முதலில் காணாமல் போவது இந்த மூன்று கூட்டங்கள்தான். ஆனால் மேஃப்ளை என்றாலே சுத்தம் என்று முடிவுகட்டாதீர்கள். அதில் பீட்டிடே என்ற குடும்பம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) ஓரளவு அழுக்கைத் தாங்கும். குடும்பம் வரை பார்த்துத்தான் பேச வேண்டும்.

ஆசிரியர், சிவாஜிநகர்: மதிப்பெண் போடுவார்களாமே, அதை எப்படிக் கணக்கிடுவது? மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதிகம் புழங்குவது பிஎம்டபிள்யூபி என்ற முறை. பிரிட்டனில் 1970-களின் கடைசியில் உருவானது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு; அழுக்கைத் தாங்காத குடும்பத்துக்கு அதிகம். ஓர் ஓடையில் லெப்டோஃப்ளெபிடே மேஃப்ளை (10), பீட்டிடே மேஃப்ளை (4), வலை விரிக்கும் கேடிஸ் (5), கோம்ஃபிடே தட்டான் இளம்பூச்சி (8), கைரோனோமிடே புழு (2), மண்புழு இனத்துச் சிறுபுழு (1) கிடைத்தன என்று வைப்போம். கூட்டினால் 30. ஆறு குடும்பம், ஆக சராசரி 5.

பீட்டிடே இருநூறு கிடைத்தாலும் 4 தான், ஒன்று கிடைத்தாலும் 4 தான். மாணவர்கள் இதை ஏற்கவே மாட்டார்கள், சண்டை போடுவார்கள். இன்னொரு விஷயம்: அதிக நேரம் தேடினால் மொத்த மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும், சராசரி அவ்வளவாக அசையாது. அதனால் இரண்டையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முறையில் இந்த மதிப்பெண்ணோடு பல்வகைமை மதிப்பெண் ஒன்றும் சேரும். தட்டிலிருந்து உயிர்களை ஒவ்வொன்றாக எடுத்து, முந்தையதும் இதுவும் ஒரே வகையா வேறு வகையா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போவது. பெயர் தெரியாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யலாம். முடிவில் நீலத்தில் தொடங்கி சிவப்பு வரை ஐந்து வகுப்பு: நீலம் சுத்தம், சிவப்பு படுமோசம். இந்தியப் பூச்சிகளுக்கே எழுதிய கையேடு வேண்டுமென்றால், நம் ஊர் ஏட்ரீ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் 2007-ல் வெளியிட்டதைத் தேடுங்கள்.

ஜெயநகர் வாசகர்: பெங்களூரைச் சுற்றி எங்கே தேடியும் ஸ்டோன்ஃப்ளை கிடைக்கவில்லை. அப்படியானால் எல்லா ஓடையும் கெட்டுவிட்டதா?

இந்தக் கேள்விக்காகவே இதை ஆரம்பித்தேன் என்று சொல்லலாம். ஸ்டோன்ஃப்ளை பெரும்பாலும் குளிர்ந்த, வேகமாக ஓடும், வற்றாத ஓடையைத் தேடும் பூச்சி. மேற்குத் தொடர்ச்சி மலையில் குடகு, குதுரேமுக் பக்கம் போனால் பார்க்கலாம். நம் ஓடைகளோ மழைக்கு ஓடிக் கோடையில் காய்கிற வகை. தண்ணீர் சூடேறினால் அதில் ஆக்சிஜன் தங்காது. கடல் மட்டத்தில் 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.3 மில்லிகிராம் வரை பிடிக்கும். பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மாசே இல்லாத தண்ணீரிலும் அது 7.5-ஐ ஒட்டியே நிற்கும்.

இங்கிலாந்து ஆறுகளுக்காகப் போட்ட அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஓடையை ஃபெயில் ஆக்குவது அநியாயம். அந்த அட்டவணையில் நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் தியாரிடே நத்தைகளே கிடையாது. எனவே முதலில் ஒப்பிட ஓர் இடம் பிடியுங்கள்: அதே மண், அதே உயரம், அதே மாதிரி வற்றும் ஓடை, ஆனால் மேலே ஊரும் தொழிற்சாலையும் இல்லாதது. நந்தி மலை அடிவாரத்திலோ பன்னேர்கட்டா காட்டோரத்திலோ தேடலாம் (காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்). அங்கே இருப்பது உங்கள் ஓடையில் இல்லையென்றால் அப்போது கவலைப்படுங்கள். அங்கேயும் இல்லாதது உங்களிடம் இல்லையென்றால் அது செய்தியே அல்ல.

பெல்லந்தூர் வாசகி: ராஜகால்வாய் (பெரிய மழைநீர்க் கால்வாய்) சேற்றில் ரத்தச் சிவப்பில் நெளியும் புழு கொசுப்புழுவா? மாலையில் பால்கனி விளக்கைச் சுற்றிக் கொசு மாதிரி மொய்க்கிறதே!

சேற்றில் இருப்பது பெரும்பாலும் ரத்தப்புழு (மேலே சொன்ன கைரோனோமிடே குடும்பம்), விளக்கில் மொய்ப்பது அதன் வளர்ந்த உருவம். பார்க்கக் கொசு மாதிரியே இருந்தாலும் கடிக்காது. சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் இருக்கும் அதே வகைப் பொருள். கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் பிடித்து வைக்க உதவுகிறது. மீன் கடையில் விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவுக்கும் இதே வித்தைதான்: தலையைச் சேற்றில் புதைத்து வாலை மேலே ஆட்டும். ராஜகால்வாயில் நீண்ட வால் கொண்ட வெள்ளைப் புழுவையும் பார்த்திருப்பீர்கள். அந்த வால் ஒரு மூச்சுக்குழாய். தண்ணீரில் ஆக்சிஜன் அடியோடு தீர்ந்தாலும் அதற்குக் கவலையில்லை.

ரத்தப்புழு இருந்தாலே தண்ணீர் கெட்டது என்பதில்லை, அந்தக் குடும்பம் எல்லா ஓடையிலும் உண்டு. அவை மட்டுமே ஆயிரக்கணக்கில் இருந்து மற்ற யாரும் இல்லாவிட்டால்தான் சிக்கல்.

கே.ஆர்.புரம் வாசகர்: தண்ணீர் மேல் ஓடும் பூச்சி நிறைய இருக்கிறது. நல்ல அறிகுறிதானே?

இல்லை. அது மேலே காற்றைத்தான் சுவாசிக்கிறது. கீழே என்ன ஆனாலும் அதற்கு ஆக்சிஜன் பஞ்சமில்லை. சோப்புநுரை அதிகமானால் மட்டும் நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து நிற்கத் தடுமாறும்.

ஒயிட்ஃபீல்ட் வாசகி: பிள்ளைகளோடு செய்து பார்க்க என்னென்ன வேண்டும்? எப்போது போகலாம்?

அரை மில்லிமீட்டர் கண்ணியுள்ள வலை, வெள்ளைத் தட்டு, மெல்லிய பிரஷ், லென்ஸ். வலையைக் கீழ்ப்பக்கம் பிடித்து, மேல்பக்கம் கற்களைக் காலால் கிளறினால் பூச்சிகள் மிதந்து வலைக்கு வரும். மூன்று நிமிடம் போதும். எல்லா இடத்திலும் அதே மூன்று நிமிடம். கற்களைக் கையாலும் தேய்த்துப் பாருங்கள். முடித்ததும் உயிர்களைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கற்களை இருந்தபடி வையுங்கள்.

கனமழை முடிந்த கையோடு போகாதீர்கள். வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துப் போயிருக்கும், ஓடை கெட்டுவிட்டது என்று தப்பாக நினைப்பீர்கள். டிசம்பர், ஜனவரி வசதி. சாக்கடை கலக்கும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகவே கூடாது. எலிக்காய்ச்சல் அப்படிப்பட்ட தண்ணீரில் வரும். பெரியவர்களுக்கும் கம்பூட்ஸ், கையுறை கட்டாயம்.

எங்கள் அபார்ட்மென்ட் பின்னாலுள்ள ஏரிக்கும் இதே கணக்குப் போடலாமா?

வேண்டாம். ஓடும் தண்ணீருக்காகச் செய்த கணக்கு அது. தேங்கிய தண்ணீரில் இயல்பாகவே மதிப்பெண் குறையும்.

ஓசூர் வாசகர்: கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது. நாங்கள் ஏதாவது அளந்து பார்க்க முடியுமா?

முடியும். தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து வருகிறது, வழியில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நீர் அதில் சேர்கிறது. நுரையைப் படம் எடுப்பதைவிட ஆற்றோடு வரிசையாக ஐந்தாறு இடம் குறித்துக்கொள்ளுங்கள். கழிவு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே டியூபிஃபெக்ஸும் ரத்தப்புழுவும் மட்டும் கிடைக்கும். போகப் போக அட்டை, நத்தை, பிறகு பீட்டிடே, அதற்கும் கீழே கேடிஸ் என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வர வேண்டும். எத்தனை கிலோமீட்டரில் யார் திரும்புகிறார்கள் என்று வரைபடம் போடுங்கள். எங்கேயாவது வரிசை மறுபடி உடைந்து ரத்தப்புழுவிலேயே நின்றால், அந்த இடத்துக்கு மேலே புதிதாக ஏதோ கலக்கிறது. குழாயைத் தேட அங்கே போங்கள்.

அணைக்கு ஒட்டிக் கீழே மட்டும் மாதிரி எடுக்காதீர்கள். அடித்தண்ணீரைத் திறந்துவிட்டால் அதில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். ஓட்டமும் திடீர் திடீரென்று மாறும். அணையால் வந்த வித்தியாசத்தையும் கழிவால் வந்ததையும் பிரிக்க முடியாமல் போய்விடும்.