பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா, ஆங்கிலம் கலக்கலாமா என்ற மொழிச் சண்டைகளைப் பற்றிச் சிங்கப்பூரில் இருந்துகொண்டு எப்படி எழுதுவது?

ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தாலே இந்தச் சண்டை கிளம்பிவிடுகிறது, எழுத உட்கார்ந்தால் ஏதோ ஒரு கட்சிக்குக் கொடி பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். கொடி பிடிப்பதில் தவறில்லை. ஆனால் சண்டை எந்த ஊரில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள். இங்கே வரும் கட்டுரைகளில் நான் அதிகம் வருந்துவது இந்த ஒன்றுக்குத்தான்.

தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆங்கிலம் கலந்து பேசுகிறார் என்று சென்னையில் ஒருவர் கடிந்து எழுதுகிறார். அவரைச் சுற்றிப் பேருந்திலும் சந்தையிலும் தமிழ் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் கடிந்ததால் யாரும் தமிழை விட்டுவிடப் போவதில்லை. இங்கே சிங்கப்பூரில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு; 2010இல் அது 32.3 விழுக்காடாக இருந்தது. சென்னை வாதத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால், அது வேறு ஆள்மீது போய் விழுகிறது.

யார்மீது என்று கேட்டால் இங்கே ஈசூன் வட்டாரத்தில் ஒரு உறவினர் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். தொடக்கநிலை நான்கில் படிக்கும் பெண். தாமதமாக வந்தாள். "தாத்தா, பஸ் லேட்டா வந்துச்சு, அதான்" என்றாள். தாத்தா சிரித்துக்கொண்டே பக்கத்தில் இடம் கொடுத்தார். அங்கிருந்த பெரியவர் ஒருவர், "பேருந்து தாமதமாக வந்ததுன்னு சொல்லும்மா, தமிழ் அழியுறதே இப்படித்தான்" என்றார். நல்ல மனிதர், தமிழுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். அந்தப் பெண் வாசிப்புப் பயிற்சி போல ஒருமுறை திருப்பிச் சொன்னாள். அதன்பின் சாப்பாடு முடியும்வரை தாத்தாவிடம்கூட ஆங்கிலத்திலேயே பேசினாள். அவள் முதலில் சொன்ன நான்கைந்து சொல்லில் வினையும் தமிழ், வாக்கியம் நின்ற விதமும் தமிழ், தாத்தாவிடம் காட்டிய உரிமையும் தமிழ். இரண்டு ஆங்கிலச் சொல்லுக்காக எல்லாம் போயிற்று.

ஆகவே, "இன்றைய இளையர்கள் தமிழைக் கொலை செய்கிறார்கள்" என்று தொடங்காதீர்கள். எந்த இளையர், யாரிடம், என்ன சொன்னார் என்று தொடங்குங்கள். அவர் பேசிய வாக்கியம் பக்கத்தில் இருந்தால் வாசகரே எடைபோட்டுக்கொள்வார்.

அடுத்து, இரு தரப்பும் எடுத்து வீசும் நூற்பாக்கள். ஒருவர் நன்னூலின் "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்பார். மற்றவர் தொல்காப்பியத்தின் "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ", அதாவது வடசொல் வந்தால் வடவெழுத்தை விலக்கித்தான் வரவேண்டும், என்பார். அதே தொல்காப்பியம் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கையும் வரிசைப்படுத்திவிட்டு, இவை "செய்யுள் ஈட்டச் சொல்லே" என்கிறது. செய்யுளுக்குச் சொல் சேர்ப்பது பற்றிய பேச்சு அது. அதை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் ஒரு பிள்ளையைத் திருத்தப் பயன்படுத்துவது இலக்கணத்துக்கும் நியாயமில்லை, பிள்ளைக்கும் நியாயமில்லை. மேற்கோள் காட்டுவதென்றால் முன்னும் பின்னும் இரண்டு நூற்பா படித்துவிட்டுக் காட்டுங்கள்.

எதிர்த்தரப்பின் அச்சத்தையும் அவர்கள் சொல்லும் விதத்திலேயே எழுதவேண்டும். 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. திருத்தமான பேச்சுத் தமிழ், அதாவது படித்தவர்கள் பொதுவில் பேசும், வட்டார வாடை குறைந்த தமிழ். அதைக் "கொச்சையை வகுப்புக்குள் விடுகிறார்கள்" என்று புரிந்துகொண்டு மனம் நொந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பிடிவாதக்காரர்கள் அல்லர். வாரத்தில் சில மணி நேரம்தான் பிள்ளைக்குத் தமிழ் கிடைக்கிறது, அதையும் பேச்சுக்குக் கொடுத்துவிட்டால் ஒரு பத்தி எழுத எப்போது கற்பான் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலை. நான் பேச்சுத் தமிழின் பக்கம்தான். வீட்டில் கேட்காத மொழியைப் பிள்ளை பள்ளியிலாவது காதால் கேட்கவேண்டும். ஆனாலும் அந்தக் கவலைக்குப் பதில் சொல்லாமல் என் கட்டுரையை முடித்துவிட எனக்கு உரிமையில்லை.

வாதத்தில் யாரிடம் என்ன கேட்கப்படுகிறது என்றும் தேடுங்கள். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, தமிழா சமஸ்கிருதமா என்ற சர்ச்சை எழுந்தது. தமிழ் முரசு நாளிதழை 1935இல் தொடங்கிய கோ. சாரங்கபாணி தமிழுக்கே இடம் வேண்டும் என்று நின்றார், "தமிழ் எங்கள் உயிர்" என்று மக்களிடம் நிதி திரட்டினார். 1956இல் துறை தொடங்கியது, தமிழுக்கு இடம் கிடைத்தது. அங்கே கோரிக்கை தெளிவாக இருந்தது. இப்போது வரும் பதிவுகள் பலவற்றில் புலம்பல்தான் இருக்கிறது; பெற்றோர் என்ன செய்யவேண்டும், பள்ளி என்ன செய்யவேண்டும் என்ற ஒரு வரிகூட இல்லை.

பொது இடத்துப் பலகையில், அரசாங்க அறிவிப்பில், அச்சேறும் விளம்பரத்தில் பிழை வந்தால் அது வேறு கதை. அங்கே தயவு தாட்சண்யமே வேண்டாம். தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அச்சிடுமுன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டுவது கடமை. படம் பிடியுங்கள், சரியான வடிவத்தைப் பக்கத்தில் எழுதுங்கள், உரிய அலுவலகத்துக்கு அனுப்புங்கள், பிறகு கட்டுரை எழுதுங்கள்.

இனி எந்தத் தமிழில் எழுதுவது? கட்டுரை எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். ஆனால் மேற்கோளுக்குள் வரும் பேச்சைத் தொடாதீர்கள். "பஸ் லேட்டா வந்துச்சு" என்றால் அப்படியே போடுங்கள். அதைப் "பேருந்து தாமதமாக வந்தது" என்று திருத்தி அச்சிட்டால் விவாதத்துக்கான சான்றையே நீங்கள் அழித்துவிடுகிறீர்கள். பழைய சண்டைகளைத் தெரிந்துகொள்ள, தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் இருக்கின்றன. எழுதுமுன் ஒரு மாலை நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள்.