இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி

கேள்வி (2019 ஆகஸ்ட்): அக்கா, மன்ஹாட்டன் லெக்சிங்டன் அவென்யூவில் ஒரு தென்னிந்திய ஓட்டலில் தோசை மாஸ்டராக இருக்கிறேன். வீடு ப்ரூக்ளினில், பிராட்வே ஜங்ஷன் பக்கம். பதினொரு மணிக்குக் கடையை விட்டால் முன்பெல்லாம் பன்னிரண்டுக்குள் வீட்டில் இருப்பேன். ஏப்ரலில், நான் வீட்டுக்குப் போகும் எல் (L) பாதை மெட்ரோ ரயிலின் சுரங்கத்தில் வேலை ஆரம்பித்ததிலிருந்து பன்னிரண்டரை, ஒன்று ஆகிறது. “ரயிலை மூடவில்லை என்று செய்தியில் சொல்லிவிட்டார்களே, நீங்கள் மட்டும் எங்கே நிற்கிறீர்கள்?” என்கிறாள் மனைவி. நண்பர்களோடு அரட்டை என்று சந்தேகம். ஃப்ளஷிங்கில் பிள்ளையார் கோவில் பக்கம் வீடு மாறிவிடலாம் என்றும் சொல்கிறாள். என்ன செய்வது? – பெயர் வேண்டாம், நியூயார்க்

பதில்: தம்பி, செய்தியும் பொய்யில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை. முதலில் இதை உங்கள் வீட்டம்மாவுக்கு விளக்க உங்களுக்குத் தெரிய வேண்டும்.

2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் வந்தபோது, மன்ஹாட்டனுக்கும் ப்ரூக்ளினுக்கும் நடுவே ஓடும் ஈஸ்ட் ரிவருக்கு அடியில் 1924 முதல் எல் ரயில் ஓடும் அந்தச் சுரங்கத்துக்குள் சுமார் 70 லட்சம் கேலன் உப்புத் தண்ணீர் புகுந்தது. இறைத்துக் கொட்டிவிட்டுப் பத்தே நாளில் வண்டியை ஓட்டிவிட்டார்கள். தண்ணீர் போனது, உப்பு போகவில்லை. கேபிள்களையும், அவை புதைந்திருந்த கான்கிரீட் திண்டுகளையும் அது அரித்துக்கொண்டே இருந்தது. பதினைந்து மாதம் முழுசாக மூடி, திண்டுகளை உடைத்துக் கட்டுவதாகத்தான் திட்டம். இந்த ஜனவரி 3-ம் தேதி கவர்னர் கியூமோ வந்து, மூட வேண்டாம், புது கேபிள்களைச் சுவரில் தாங்கி போட்டுத் தொங்கவிடலாம், இரவிலும் சனி ஞாயிறிலும் வேலை பார்த்தால் போதும் என்று அறிவித்தார். ஊரே கைதட்டியது.

கைதட்டியவர்கள் காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஆறுக்குத் திரும்புகிறவர்கள். அவர்களுடைய சிரமத்தைத்தான் எடுத்து இரவு பதினொரு மணிக்காரர்கள் தலையில் வைத்திருக்கிறார்கள். ஓட்டல்காரர், பாத்திரம் தேய்ப்பவர், ஆபீஸ் கூட்டுகிறவர், இவர்களிடம் யாரும் கருத்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. போகட்டும்.

சுரங்கத்தில் இரண்டு குழாய். ஒன்றில் வேலை நடக்கும்போது மற்றொன்றில்தான் போகிற வண்டி, வருகிற வண்டி இரண்டும் மாறி மாறிப் போக வேண்டும். அதனால்தான் இருபது நிமிடத்துக்கு ஒன்று. இதைத்தான் நீங்கள் இன்னும் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும்போது யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை; போய் நின்றால் வரும். இருபது நிமிடத்துக்கு ஒன்று என்றால் அது மெட்ரோ இல்லை, நம் ஊர் பாசஞ்சர் வண்டி. நேரம் பார்த்துத்தான் புறப்பட வேண்டும். ஏப்ரனைக் கழற்றும் முன், நீங்கள் எல்லுக்கு மாறும் யூனியன் ஸ்கொயர் ஸ்டேஷனில் எல் எத்தனை மணிக்கு என்று போனில் பாருங்கள். கல்லைத் துடைப்பதை ஆறு நிமிடம் முன்னால் முடித்தால் வீட்டுக்கு இருபது நிமிடம் முன்னால் போகலாம். வெள்ளி, சனியில் மட்டுமாவது பத்து நிமிடம் முன்னதாக விடச் சொல்லி, பதிலுக்குப் பகலில் பத்து நிமிடம் முன்னதாக வருகிறேன் என்று முதலாளியிடம் கேளுங்கள். சம்பளத்தைத் தொடாத பேரத்துக்கு முதலாளிகள் சுலபமாகத் தலையாட்டுவார்கள்.

இன்னொன்று, நீங்கள் கொடுத்துவைத்தவர். பிராட்வே ஜங்ஷனுக்கு எல் மட்டுமா வருகிறது? ஜே (J) பாதை வண்டி வருகிறது, ஏ (A) பாதை வண்டி வருகிறது. எல் இப்போதுதான் போயிற்று என்றால் யூனியன் ஸ்கொயரில் இறங்கவே இறங்காதீர்கள். கடைப் பக்கம் ஏறிய அதே 6-ம் நம்பர் வண்டியில் கனால் ஸ்ட்ரீட் வரை போய் ஜே பிடியுங்கள். அது வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் போகிறது. சுரங்கமும் கிடையாது, உப்பும் கிடையாது. சுற்றுதான். ஆனால் நடுராத்திரிக்குள் கிளம்பினால், பிளாட்பாரத்தில் கால் கடுக்க நிற்பதைவிட ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல். சனிக்கிழமை கொண்டாட்டக் கூட்டத்தில் எல் வந்தாலும் ஏற முடியாமல் போகும், அன்றைக்குக் கட்டாயம் ஜேதான்.

நான் பே ரிட்ஜில் இருந்தபோது, அதே புயல் கெடுத்த ஆர் ரயில் சுரங்கத்தை 2013 ஆகஸ்ட் முதல் அடுத்த செப்டம்பர் வரை மூடியே போட்டார்கள். முதல் மூன்று வாரம் தினமும் அழுகை வரும். அப்புறம் ஒரு வழி காலுக்குப் பழகிவிட்டது. திறந்த பிறகு பழைய வழிக்குத் திரும்பத்தான் எனக்கு நாளானது!

அதனால் ரயிலுக்காக வீடு மாறாதீர்கள். முழுசாக மூடப்போகிறார்கள் என்று பயந்து எல் பாதையை விட்டு ஓடியவர்கள், ஜனவரிக்குப் பிறகு முழித்ததைப் பார்த்திருக்கிறேன். வேலைக்கு 15 முதல் 20 மாதம் என்று தொடக்கத்திலேயே கணக்குச் சொல்லிவிட்டார்கள், அதில் நாலு மாதம் போய்விட்டது. ஃப்ளஷிங்கில் இருந்து வரும் 7-ம் நம்பர் சுரங்கத்திலும் அன்று தண்ணீர் புகுந்ததுதான். கோவில் பக்கம் குடியிருக்க வேண்டும் என்று உங்கள் மனைவிக்கு ஆசை இருந்தால், அது வேறு விஷயம். அதைத் தனியாக உட்கார்ந்து பேசுங்கள்.

சந்தேகத்துக்கு வருகிறேன். நாள் முழுக்க வீட்டில் தனியாக இருப்பவருக்கு நடுராத்திரியில் அந்த முக்கால் மணி நேரம் மிக நீளம். அவர் உங்களைக் குற்றவாளி ஆக்கவில்லை, தனியாக இருந்து சலித்துப்போயிருக்கிறார் என்றே படிக்கிறேன். டைம்டேபிளைக் காட்டி வாதாடினால் ஜெயிப்பீர்கள், ஆனால் பேச்சு நின்றுவிடும். ஸ்டேஷன்களில் வைஃபை இருக்கிறது. எந்த வண்டி ஏறினீர்கள் என்று ஒரு வரி அனுப்பினால் அவர் படுத்துக்கொள்ளலாம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவரைக் கடைக்கு வரச்சொல்லி, ஒரு நல்ல நெய் ரோஸ்ட் போட்டுக்கொடுத்து, இரவு உங்களோடேயே எல்லில் கூட்டிப்போங்கள். அன்று மட்டும் ஜே வேண்டாம். அவருக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லுங்கள்; பிளாட்பாரம் வேகும், வண்டிக்குள் ஏசி விறைக்கும்.