ஸ்க்ரூடிரைவரோடு வரும் லேப்டாப்: கூடுதல் விலை தகுமா?

கேள்வி: மகன் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்கிறான். ஃப்ரேம்வொர்க் லேப்டாப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "ஒரு தடவை வாங்கினால் போதும்ப்பா, நாலு வருஷம் கழித்து மதர்போர்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறான். கடையில் அதே வேகமுள்ள லேப்டாப் 800 டாலருக்குக் கிடைக்கிறது. இதுவோ எல்லாம் சேர்த்து 1,250-ஐத் தொடுகிறது. 450 டாலர் அதிகம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா?
– ஒரு தந்தை, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் மகன் சொல்லும் காரணம் தப்பு. ஆனால் அவன் கேட்கும் பொருள் தப்பில்லை.

முதலில் இது என்ன பொருள் என்று மற்ற வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரேம்வொர்க் ஒரு சான் பிரான்சிஸ்கோ நிறுவனம். முன்பு விஆர் ஹெட்செட் செய்யும் ஆக்குலஸில் வேலை பார்த்த நீரவ் படேல் தொடங்கியது. முதல் லேப்டாப் 2021-ல் வந்தது. பெட்டிக்குள்ளேயே ஒரு ஸ்க்ரூடிரைவர் வைத்து அனுப்புகிறார்கள். அடியில் ஐந்தே ஸ்க்ரூ. தளர்த்தினாலும் கழன்று விழுந்து கட்டிலுக்கடியில் உருளாது, அதனதன் இடத்திலேயே நிற்கும். அப்புறம் லேப்டாப்பை நிமிர்த்திக் கீபோர்டுத் தட்டை அப்படியே தூக்கினால் வந்துவிடும், காந்தத்தில்தான் ஒட்டியிருக்கிறது. உள்ளே ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), எஸ்.எஸ்.டி. (கோப்புகளைச் சேமிக்கும் இடம்), பேட்டரி, வைஃபை கார்டு என்று ஒவ்வொன்றின் மேலும் பெயரும் ஒரு க்யூஆர் குறியீடும். போனைக் காட்டினால் அந்தப் பாகத்தை எப்படி மாற்றுவது என்ற பக்கம் திறக்கும். பக்கவாட்டில் உள்ள போர்ட்டுகள்கூடத் தீப்பெட்டியைவிடச் சின்ன வில்லைகள்தான். எச்டிஎம்ஐ வேண்டாமா, உருவிவிட்டு யூஎஸ்பி வில்லையைச் செருகிக்கொள்ளலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஏஎம்டியின் ரைசன் ஏஐ 300 ப்ராசஸரோடு 2025-ல் வந்த மாடலில், நாமே சேர்த்துக்கொள்ளும் பதிப்பு 899 டாலரில் தொடங்கியது. இந்த விலையில் ராம் இல்லை, எஸ்.எஸ்.டி. இல்லை, சார்ஜர் இல்லை, விண்டோஸ் இல்லை. இவற்றோடு போர்ட் வில்லைகளையும் சேர்த்தால் நீங்கள் சொல்லும் 1,250 சரிதான். மதர்போர்டு, அதாவது ப்ராசஸர் உட்கார்ந்திருக்கும் மெயின் போர்டு, தனியாக 449 டாலரில் தொடங்கியது. அப்படியானால் எட்டு வருஷத்துக்கு: 1,250, நடுவில் ஒரு போர்டு 449, எப்படியும் மாற்ற வேண்டிவரும் பேட்டரிக்கு அறுபது எழுபது டாலர். மொத்தம் 1,760-ஐ ஒட்டி வரும். கடை லேப்டாப்பை நாலு வருஷத்துக்கு ஒன்றாக இரண்டு தடவை வாங்கினால் 1,600. அதுவும் இரண்டாவது தடவை திரை, கீல், கீபோர்டு எல்லாமே புதுசு.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. போர்டை மாற்றும்போது ராம் கூடவே வரும் என்று நிச்சயமில்லை. 2021 முதல் 2023 வரை வந்த இன்டெல் போர்டுகள் டிடிஆர்4 என்ற பழைய ரக ராம் கேட்டன. 2023-ல் வந்த ஏஎம்டி போர்டு அடுத்த ரகமான டிடிஆர்5 கேட்டது, ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. மாறியவர்கள் பழைய ராமை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக வாங்கினார்கள். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது சின்னச் செலவில்லை என்று தெரியும். கழற்றிய பழைய போர்டை வீணாக்க வேண்டாம் என்பது உண்மைதான். கூலர் மாஸ்டர் என்ற நிறுவனம் 39 டாலருக்கு ஒரு பெட்டி போட்டது, அதில் போர்டை வைத்தால் குட்டிக் கம்ப்யூட்டர் ஆகிவிடும். ஆனால் எத்தனை வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர் தேவைப்படுகிறது?

ஆக, 'மேம்படுத்திக்கொள்ளலாம்' என்ற காரணத்துக்காக இதை வாங்கினால் உங்களுக்கு நஷ்டம், சின்ன நஷ்டமாவது. ரிப்பேர் என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

என் கதை ஒன்று. சில வருஷங்களுக்கு முன் என் லேப்டாப்பில் ஒரே ஒரு விசை செத்துப்போனது. தமிழ்99 விசைப்பலகையில் 'ம' உட்கார்ந்திருக்கும் விசை. 'அம்மா' என்று அடிக்க முடியாமல் ஒரு மனிதன் எவ்வளவு நாள்தான் எழுதுவது? சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்துவிட்டு, கீபோர்டு மேல்மூடியோடு சின்னச் சின்ன பிளாஸ்டிக் ஆணிகளால் உருக்கி ஒட்டப்பட்டிருக்கிறது, மூடியையே மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகையில் பழைய லேப்டாப் ஒன்றே வாங்கிவிடலாம். கடைசியில் வெளியிலிருந்து ஒரு கீபோர்டை மாட்டி, நகர்த்த முடியாத லேப்டாப்பாக அதை இரண்டு வருஷம் ஓட்டினேன்.

ஃப்ரேம்வொர்க்கில் இதே கீபோர்டுத் தட்டை முழுதாக மாற்ற ஐந்து நிமிஷம். கீபோர்டை மட்டும் மலிவாக வாங்கி மாற்றலாம், ஆனால் அதற்கு டஜன் கணக்கில் பொடி ஸ்க்ரூ கழற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்விடும். திரை உடைந்தால் சுற்றுச்சட்டம் காந்தத்தில்தான் இருக்கிறது, உரித்துவிட்டுப் புதுத் திரையைப் பொருத்தலாம். கல்லூரிப் பையன் நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது காபி கொட்டுவான், அல்லது பங்க் கட்டிலின் மேல் தட்டிலிருந்து லேப்டாப்பைக் கீழே தள்ளுவான். அந்த ஒரு தடவை, தேர்வு வாரத்தில் லேப்டாப்பைப் பத்து நாள் சர்வீசுக்கு அனுப்பாமல் அறையிலேயே சரிசெய்துகொள்வதற்குத்தான் நீங்கள் அந்த 450 டாலரைக் கொடுக்கிறீர்கள். காப்பீட்டுப் பிரீமியம் மாதிரி. அப்படி எண்ணிக் கொடுத்தால் எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை.

இன்னொரு லாபம் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு ராம் இடம் இருப்பதால் இப்போது 16 ஜிபி ஒற்றைத் துண்டு போட்டுவிட்டு, விலை இறங்கும்போது இன்னொன்று சேர்க்கலாம். மேக்புக் ஏர் போல ராமும் சேமிப்பும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட லேப்டாப்பில் வாங்கும் நாளன்றே முடிவு செய்துவிட வேண்டும்.

மேக்புக் பெயர் வந்ததால் ஃப்ரேம்வொர்க்கின் குறையையும் சொல்லிவிட வேண்டும். பேட்டரி அந்த அளவுக்கு நிற்காது. ஃபேன் சத்தம் உண்டு. மூடி வைத்தாலும் சார்ஜ் இறங்குகிறது என்ற புகார், குறிப்பாக முதல் இரண்டு தலைமுறை இன்டெல் மாடல்களில், நிறைய வந்தது. பையன் காலை முதல் இரவு வரை நூலகத்தில் பிளக் தேடாமல் உட்காருகிறவன் என்றால் மேக்புக் ஏரைப் பாருங்கள், 2025 மாடலில் 16 ஜிபியோடு 999 டாலரில் தொடங்கியது.

முடிவெடுக்க ஒரு வழி: வீட்டில் எதையாவது அவன் கழற்றி மாட்டியிருக்கிறானா? சைக்கிள் செயினாவது? ஆம் என்றால் வாங்கிக் கொடுங்கள். மூன்றாம் வருஷமே புதுசு கேட்கிற ரகம் என்றால் 800 டாலர் லேப்டாப் போதும்.

கேள்வி: அண்ணன் அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்து வருகிறார். ஃப்ரேம்வொர்க் வாங்கி வரச் சொல்லலாமா? ரிப்பேர் செய்ய எளிது என்பதால் கேட்கிறேன்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். லேப்டாப் வந்து சேரும், அதில் பிரச்சினை இல்லை. பயணி தன்னோடு ஒரு லேப்டாப் கொண்டுவர சுங்கவரி கிடையாது. பிரச்சினை இரண்டாம் வருஷம் திரையோ பேட்டரியோ போகும்போது ஆரம்பிக்கும். அந்த நிறுவனம் இந்தியாவில் கடை போடவில்லை, வாரண்டியும் அவர்கள் விற்கும் நாடுகளோடு சரி. பாகம் வேண்டுமென்றால் மறுபடி அண்ணன் வர வேண்டும். கூரியரில் வரவழைத்தால் வரி, அதிலும் லித்தியம் பேட்டரி என்றால் அனுப்பவே யோசிப்பார்கள். ஐந்து ஸ்க்ரூவில் திறக்கிற லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே போடப் பாகம் இல்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

ரிப்பேர் எளிதா என்பது லேப்டாப்பை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியதில்லை. பக்கத்தில் பாகம் கிடைக்கிறதா, கை வைக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதையும் சேர்த்துத்தான். அந்தக் கணக்கில் நம்மூரில் ஃப்ரேம்வொர்க்கை லெனோவோவின் பழைய திங்க்பேட் அடித்துவிடும். கம்பெனிகள் மொத்தமாக வாங்கி, மூன்று நான்கு வருஷத்தில் மொத்தமாகத் தள்ளிவிடுகிற மாடல்கள் இவை. அதனால்தான் சென்னை ரிச்சி தெருவில் கீபோர்டு, கீல், திரை என்று எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறார்கள், உடைத்த லேப்டாப்பிலிருந்து கழற்றியதாவது.

அதில் 2018-ல் வந்த டி480 மாடல் எனக்குப் பிடித்தது. இரண்டு பேட்டரி. ஒன்று உள்ளே, இன்னொன்று பின்பக்கம். இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் பின்னது கழன்று வரும். உள்ளே இருப்பதில் சார்ஜ் இருந்தால் லேப்டாப்பை அணைக்காமலே மாற்றலாம். ராமுக்கு இரண்டு இடம். எட்டாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர் உள்ளதாகப் பார்த்து எடுத்தால் விண்டோஸ் 11-ம் ஏறும். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டதால் இது முக்கியம், எட்டாம் தலைமுறைக்குக் கீழே யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டி480எஸ் என்று ஒல்லியாக ஒன்று இருக்கிறது, அதில் ராமில் ஒரு பகுதி போர்டிலேயே பற்றவைத்தது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் சோதியுங்கள். கையோடு ஒரு டைப்-சி சார்ஜர் கொண்டுபோய், இருக்கும் இரண்டு டைப்-சி போர்ட்டிலும் தனித்தனியாகச் சொருகிப் பாருங்கள். இந்த மாடலில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில், அதாவது டைப்-சி போர்ட்டை இயக்கும் உள்மென்பொருளில், ஒரு கோளாறு இருந்தது. புதுப்பிக்காமல் விட்டால் காலப்போக்கில் போர்ட் படுத்துவிடும். லெனோவோ திருத்தம் வெளியிட்டது, ஆனால் முந்தைய ஆபீஸ்காரர்கள் போட்டார்களா என்பது யாருக்குத் தெரியும்?

எடிட்டிங், கேம் என்றால் இந்த யோசனை உதவாது. எழுத்து, கணக்கு, பிரவுசர், வகுப்பு என்றால் தாராளமாகப் போதும்.

கேள்வி: ஃப்ரேம்வொர்க் நிறுவனமே மூடிவிட்டால் பாகத்துக்கு எங்கே போவது? சின்னக் கம்பெனியை நம்பலாமா?
– வாசகர், மியூனிக்

பதில்: நியாயமான பயம். கழற்றி மாட்டும் போன் என்று கூகுள் பெரிதாகப் பேசிய 'ஆரா' திட்டத்தை 2016-ல் மூட்டை கட்டினார்கள். பெரிய நிறுவனம் என்பதால் காப்பாற்றிவிடவில்லை.

ஃப்ரேம்வொர்க்கைப் பொறுத்தவரை வாக்குறுதியைப் பார்க்காமல் நடந்ததைப் பாருங்கள். 2021-ல் வாங்கியவரின் கூட்டுக்குள் 2025 போர்டு உட்காருகிறது. ஆரம்ப மாடல்களில் திரையின் கீல் தளர்வு, தூக்கினால் திரை பின்னால் சாயும் என்று புகார் வந்தபோது, இறுக்கமான கீலைத் தனியாக விற்பனைக்கு வைத்தார்கள். பழைய வாடிக்கையாளர் புது லேப்டாப் வாங்க வேண்டியிருக்கவில்லை. (இலவசமாகக் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.) 16 அங்குல மாடலுக்கு 2025-ல் என்விடியா ஆர்டிஎக்ஸ் 5070 கிராபிக்ஸ் பெட்டியும் வந்தது, முன்பு ஏஎம்டியின் ரேடியான் கிராபிக்ஸ் இருந்த அதே இடத்தில் செருகும்படி. கேமிங் லேப்டாப் வட்டாரத்தில் இது அபூர்வம். போர்ட் வில்லை, போர்டு ஆகியவற்றின் அளவு வரைபடங்களையும் பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் எதுவும் எழுதித் தந்த உத்தரவாதமில்லை. ஆனால் நிறுவனம் நாளைக்கே மூடினாலும் ராம், எஸ்.எஸ்.டி., வைஃபை கார்டு எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரணப் பாகங்கள். பேட்டரி, கீபோர்டு, திரைக்குத்தான் திண்டாட்டம். அந்த நிலையிலும் உங்கள் லேப்டாப் கடை லேப்டாப்பைவிட மோசமாகிவிடாது, அதற்குச் சமமாகும், அவ்வளவுதான். ஜெர்மனியில் இருப்பதால் உங்களுக்கு வாரண்டி இரண்டு வருஷம். அமெரிக்காவில் ஒன்றுதான்.

கேள்வி: புது லேப்டாப் வாங்கப் போகிறேன். ரிப்பேருக்கு ஒத்துழைக்குமா என்று கடையிலேயே கண்டுபிடிப்பது எப்படி?
– வாசகர், மதுரை

பதில்: கடையில் முடியாது. விற்பவருக்கும் பெரும்பாலும் தெரியாது. போவதற்கு முந்தின இரவு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடல் பெயரோடு 'சர்வீஸ் மேனுவல்' என்று தேடுங்கள். லெனோவோ, டெல் இரண்டும் பல மாடல்களுக்கு முழுப் புத்தகமே பொதுவில் வைத்திருக்கின்றன. புத்தகமே கிடைக்கவில்லை என்றால் அதுவே பாதிப் பதில். கிடைத்தால் முதலில் கீபோர்டு பக்கத்துக்குப் போங்கள். கீபோர்டு தனிப் பாகமா, மேல்மூடியோடு சேர்ந்ததா? பிறகு பேட்டரி ஸ்க்ரூவில் நிற்கிறதா, பசையிலா? விவரப் பட்டியலில் ராமுக்கு நேரே 'ஆன்போர்டு', 'சால்டர்டு' அல்லது 'எல்பிடிடிஆர்' என்று இருந்தால் அநேகமாகப் பற்றவைத்தது, பின்னால் கூட்ட முடியாது. 'சோடிம்' என்றால் கழற்றலாம்.

புதுசிலேயே இப்படி வேண்டுமானால் திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறையைப் பாருங்கள். 2024-ல் வந்தது. சாதனங்களைப் பிரித்துப் பார்த்து ரிப்பேருக்கு மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்தார்கள், அவர்களிடமே பத்துக்கு ஒன்பது வாங்கியது. இரண்டு சோடிம் இடம் இருக்கிறது. விலைதான் வீட்டு லேப்டாப் விலை இல்லை.

கேள்வி: நானே திறந்து ராம் போட்டால் வாரண்டி போய்விடுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ராம், எஸ்.எஸ்.டி. சேர்ப்பதைப் பலர் அனுமதிக்கிறார்கள், ஆனால் அதைச் செய்யும்போது வேறெதையாவது உடைத்தால் அது உங்கள் தலையில். திறப்பதற்கு முன் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்யாதீர்கள், மின்னஞ்சல் அனுப்புங்கள். 'போகாது' என்று அவர்கள் எழுதிய பதிலை பில்லோடு சேர்த்து வையுங்கள்.

திறக்கும்போது முதலில் பேட்டரி இணைப்பைப் பிரித்துவிடுங்கள். ஸ்க்ரூக்களை வெள்ளைத்தாளில், எடுத்த இடத்தின் வரிசையிலேயே வையுங்கள். அறையில் ஓடும் ஃபேனை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று உங்கள் வீட்டில் சொல்வார்கள், அதையும் நிறுத்திவிடுங்கள். தாளோடு ஸ்க்ரூவும் பறந்துவிடும்.