பூட்டிய அலமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்க்

வாசகர் கேள்வி–பதில்: சிறு நிறுவனங்களின் கணினிப் பாதுகாப்பு

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். ஒரு சர்வரும் பன்னிரண்டு கணினிகளும் இருக்கின்றன. டேலி கணக்கு, ஆர்டர் விவரங்கள், பேட்டர்ன் கோப்புகள் அனைத்தும் ஒவ்வோர் இரவும் சர்வருடன் இணைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் தானாகவே பேக்கப் ஆகின்றன. உரிமம் பெற்ற ஆன்டிவைரஸும் உண்டு. பக்கத்து நிறுவனத்தின் கோப்புகளை, பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் என்னும் தீநிரல் பூட்டிவிட்டதைப் பார்த்ததிலிருந்து அச்சமாக இருக்கிறது. எங்கள் ஏற்பாடு போதுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: போதாது. தினமும் பேக்கப் எடுக்கும் ஒழுங்கு பாராட்டுக்குரியது. ஆனால் அந்த டிஸ்க் இரவும் பகலும் சர்வருடனேயே இணைந்திருப்பதால், சர்வரைப் பொறுத்தவரை அது இன்னொரு டிரைவ் மட்டுமே. ரான்சம்வேர், தான் நுழைந்த பயனர் கணக்கால் எழுத முடிகிற இடங்களையெல்லாம் தேடிச் சென்று பூட்டும். விண்டோஸ் தானாகச் சேமித்து வைக்கும் பழைய நகல்களையும் அழித்துவிடுவது இவற்றில் பலவற்றின் வழக்கம். ஆகவே சர்வர் பூட்டப்படும் அதே இரவில் உங்கள் பேக்கப்பும் பூட்டப்பட்டுவிடும்.

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கின்றன. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்னும் தீநிரல் முடக்கியது. உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக அது உள்ளே வந்தது. பயனர் கணக்குகளையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள், உலகெங்கும் ஒன்றுக்கொன்று நகலாக அங்கே இயங்கிவந்தன. எல்லாம் இணைப்பிலேயே இருந்ததால் எல்லாம் ஒன்றாகவே அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும், அந்த நேரத்தில் மின்சாரம் நின்றுபோயிருந்ததால் தப்பியது. அதில் எஞ்சியிருந்த தகவலின் துணையோடுதான் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் சுமார் பத்து நாட்களில் அவர்கள் மறுபடி நிறுவினார்கள்.

மின்வெட்டால் தற்செயலாகக் கிடைத்த அந்தப் பாதுகாப்பை நீங்கள் திட்டமிட்டே ஏற்படுத்திக்கொள்ள முடியும். இன்னும் இரண்டு டிஸ்க்குகள் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி நகல் எடுத்தவுடன் கழற்றிவிடுங்கள். ஒன்று எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே, வீட்டுப் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் போட்டு டேலியைத் திறந்து, கடைசி வவுச்சர் எண் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இந்தச் சோதனையைத்தான் பெரும்பாலானோர் செய்வதில்லை. நகல் பாதியில் நின்றுபோயிருப்பதை ஆபத்து வந்த அன்றுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

இன்னொன்றையும் இன்றே சரிபாருங்கள். கணக்காளர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக, அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்தே இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை ரூட்டரில் நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தால் உடனே மூடுங்கள். ரான்சம்வேர் கும்பல்கள் அதிகம் தேடுகிற வாசல்களில் அது ஒன்று. வீட்டிலிருந்து வேலை செய்வது அவசியமென்றால், கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் கேட்கும் விபிஎன் (இணையத்தின் மேல் அமையும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக மட்டுமே அனுமதியுங்கள்.

கேள்வி: எங்கள் எம்பிராய்டரி இயந்திரத்துடன் இணைந்த கணினி விண்டோஸ் 10இல் ஓடுகிறது. பழைய கணினி என்பதால் விண்டோஸ் 11 ஏறவில்லை. மாற்றியே ஆக வேண்டுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. நிறுவனங்கள் மூன்று ஆண்டுகள் வரை பணம் கட்டிப் பாதுகாப்பு அப்டேட் பெறலாம். முதல் ஆண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர், அதன்பின் ஆண்டுதோறும் இரட்டிப்பு. இயந்திரத்தை மட்டும் இயக்கும் கணினி என்றால், என் யோசனை அதை இணையத்திலிருந்தும் அலுவலக வலையமைப்பிலிருந்தும் பிரித்துவிடுவதுதான். டிசைன்களை அதற்கென்றே ஒதுக்கிய பென்டிரைவில் கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அதை ஸ்கேன் செய்யுங்கள். மின்னஞ்சல் பார்க்கும் கணினிக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே அட்மின் கணக்கை ஒரே கடவுச்சொல்லில் பயன்படுத்துகிறோம். வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி, வருமான வரித் தளக் கடவுச்சொற்கள் ஓர் எக்செல் கோப்பில் இருக்கின்றன. வசதிக்காகத்தான். இது தவறா? (வாசகர், மதுரை)

பதில்: தவறுதான், அதுவும் உங்கள் தவறால் பிறர் பாதிக்கப்படும் வகையிலான தவறு. மேலே சொன்ன நாட்பெட்யா, மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே அடைத்துவிட்ட ஓர் ஓட்டையைப் பயன்படுத்தியது. ஆனால் அந்த அப்டேட்டைப் போட்டிருந்த கணினிகளிலும் அது பரவியது. ஏனெனில் ஒரு கணினியின் நினைவகத்தில் கிடந்த அட்மின் கடவுச்சொல்லை எடுத்து, மற்றக் கணினிகளுக்குள் நியாயமான பயனரைப் போலவே நுழைந்தது. ஒரே சாவி எல்லாக் கதவுகளையும் திறக்கும் உங்கள் அலுவலகத்தில் அது சில நிமிட வேலை.

ஊழியர் ஒவ்வொருவருக்கும் அட்மின் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு கொடுங்கள். அட்மின் கணக்கு மென்பொருள் நிறுவும்போது மட்டும் திறக்கப்படட்டும். எக்செல் கோப்பிலுள்ளவற்றை, கடவுச்சொற்களைப் பூட்டிப் பாதுகாக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் மென்பொருள் ஒன்றுக்கு மாற்றிவிட்டு, அந்தக் கோப்பை மின்னஞ்சல் இணைப்புகளிலிருந்தும் தேடி அழியுங்கள். ஊழியர் விலகும் நாளிலேயே அவருடைய கணக்கை மூடி, அவர் அறிந்திருந்த கடவுச்சொற்களை மாற்றுங்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

கேள்வி: தாக்குதல் நடந்துவிட்டால் முதலில் என்ன செய்வது? (வாசகர், ஈரோடு)

பதில்: நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், பேக்கப் டிஸ்க்கை அந்தக் கணினியில் செருகவே வேண்டாம். பதற்றத்தில் ஃபார்மட் செய்துவிடாதீர்கள். 2022 ஏப்ரல் 28இல் வெளியான உத்தரவின்படி, இத்தகைய தாக்குதலை நிறுவனங்கள் அறிந்த 6 மணி நேரத்துக்குள், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் உடனே அழைக்க வேண்டும்.

கேட்ட தொகையைக் கட்டினாலும் கோப்புகள் திரும்புமென்ற உறுதி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களுடன் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில், பல ரான்சம்வேர் வகைகளுக்குத் திறவுகோல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்களைத் தாக்கிய வகைக்கு இன்று திறவுகோல் இல்லாவிட்டாலும், பூட்டப்பட்ட டிஸ்க்கைக் கழற்றித் தேதி எழுதி எடுத்து வையுங்கள். காவல்துறை ஒரு கும்பலைப் பிடித்தபின் திறவுகோல்கள் வெளியான சம்பவங்கள் உண்டு.