எவர்சில்வர் ஏணி ஏன் துருப்பிடிக்குது?

தம்பி, பிரிஸ்பேன்ல வாடகைக்குப் பிடிச்ச வீட்டுல உப்புத்தண்ணி நீச்சல்குளம் இருக்கு, ஏணியில மூணே மாசத்துல பழுப்புப் புள்ளி விழுந்திருச்சு, எவர்சில்வர் எப்படித் துருப்பிடிக்கும்னு கேட்டிருக்கீங்க. நானும் மேலூர்க்காரன்தான். பிரிஸ்பேன்ல 14 வருஷமா இருக்கேன். இப்ப லீவுக்கு வந்து, அம்மா வீட்டு அடுப்படியில உக்காந்து எழுதுறேன்.

அம்மா கல்லுப்பைப் பீங்கான் ஜாடியிலதான் வைக்கிறாங்க. தூளுப்புக்கு மட்டும் எவர்சில்வர் டப்பா. காலையில அதைத் திறந்து பாத்தேன். ஈரத்துல உப்பு ஒட்டிக் கிடந்த இடத்துல மட்டும் ஊசி குத்தின மாதிரி குழி, சுத்தி காவி நிறம். உங்க ஏணியிலயும் அதேதான் நடக்குது. எவர்சில்வரைக் காப்பாத்துறது மேல இருக்குற மெல்லிசான குரோமியம் ஆக்சைடு படலம். உப்புல இருக்குற குளோரைடு அதைப் புள்ளி புள்ளியா ஓட்டை போட்டுரும்.

குளத்துல லிட்டருக்கு 3லேருந்து 6 கிராம் வரைக்கும்தான் உப்பு இருக்கும். கடல்ல 35 கிராம். ஆனா நனைஞ்சு நனைஞ்சு காயுற இடத்துல தண்ணி போயிரும், உப்பு தங்கிரும். அதான் தண்ணிக்கு மேல நிக்கிற கைப்பிடி முதல்ல கெடுது. குளிச்சு முடிச்சதும் குழாய்த் தண்ணி விட்டுக் கழுவிருங்க. இந்த ஒண்ணை விடாமச் செஞ்சாலே பாதிக் கவலை தீரும்.

கம்பி நார் போட்டு மட்டும் தேய்க்காதீங்க. முதல் வருஷம் நான் தேய்ச்சேன். இரும்புத் துகள் ஒட்டிக்கிட்டு, அடுத்த வாரமே முன்னைவிட மோசமாத் துரு ஏறுச்சு. ஸ்பாஞ்சும் சமையல் சோடாவும் போதும். உப்பு மூட்டையை ஏணிக்குப் பக்கத்துல கொட்டாதீங்க. தண்ணியோட பிஎச், அதாவது அமில-கார அளவு, 7.2லேருந்து 7.6க்குள்ள நிக்கட்டும். குளத்து உப்புலேருந்து குளோரின் தயாரிக்கிற மெஷின் பிஎச்சை ஏத்திக்கிட்டே இருக்கும்; அதைக் குறைக்கிறேன்னு ஆசிட்டை அள்ளி ஊத்தினா உலோகத்தை அரிச்சிரும். ஆசிட் கேனைப் பம்ப் பக்கத்துல வைக்காதீங்க, அதோட ஆவியே அரிக்கும்.

ஏணி மாத்துறதா இருந்தா எவர்சில்வர்லயே 316ங்கிற கிரேடு கேளுங்க. அதுல மாலிப்டினம்ங்கிற உலோகம் சேர்ந்திருக்கு, சாதாரண 304 கிரேடை விடத் தாங்கும். ஸ்க்ரூவும் அதே கிரேடா இருக்கணும். ஏணியை மத்த உலோகத்தோட இணைக்கிற வயர்ல ஒரு துத்தநாகக் கட்டியை மாட்டி வச்சா, ஏணிக்குப் பதிலா அது கரையும், ஏணி தப்பிக்கும்.

அந்த வயர்ல நீங்க கை வைக்காதீங்க தம்பி. குளத்தைச் சுத்தி இருக்குற உலோகத்தை எல்லாம் ஒண்ணா இணைச்சு வைக்கிறது ஷாக் அடிக்காம இருக்கத்தான். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் தொடணும். பிள்ளைங்க இறங்குற குளம். துருப் புள்ளிகளை இன்னைக்கே போட்டோ எடுத்து, வீட்டு ஏஜென்ட்டுக்கு எழுத்துல அனுப்பிருங்க.